பழகுற துண்டு

காந்தத்தை ஏற்றும் பொத்தானைப் பொற்கொடி அழுத்தியபோது மணி பதினொன்று அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. இனி முக்கால் மணி நேரத்துக்கு அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. காந்தப்புலம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது டெஸ்லா வரைக்கும் தன் பாட்டுக்கு ஏறும், திரையில் சில்லின் குறுக்கு மின்தடையைக் காட்டும் சிவப்புக் கோடு ஒன்றும் நீளவாக்கு மின்தடையைக் காட்டும் நீலக் கோடு ஒன்றும் தம் பாட்டுக்கு ஊர்ந்து வரும், பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா உட்கார்வதோ பொற்கொடிக்குப் பிறவியிலேயே வராத காரியம். பேனாவைத் திறந்தாள், மூடினாள். பம்பு கடகடத்துக்கொண்டிருந்தது, ஏசி சரியாக அவள் பிடரியைப் பார்த்து ஊதியது, கேண்டீன் பொங்கல் இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை, இத்தனைக்கும் நடுவில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காரணம் கேட்டால் சொல்லவும் தெரியும். நேற்றுச் சாயங்காலம் அந்த எட்டுக் கம்பிகளை எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாள்! சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும் அந்தச் சில்லு, அதன் ஓரத்தில் எட்டு இண்டியம் உலோகப் பொட்டுகள், பொட்டுக்கு ஒரு தங்கக் கம்பி, கம்பியோ தலைமுடியைவிட மெல்லிசு, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தால் எட்டும் ஒன்று மாதிரி, ஒன்றுகூட வழியவில்லை, பரவவில்லை. அந்தச் சில்லுதான் இப்போது அதோ அந்த ஆளுயர எஃகுத் தொட்டிக்குள் திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கிறது. வரணும், இன்னைக்கு வந்துரணும் என்று தொட்டியைப் பார்த்து உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள், நாற்பது வயசுப் பொம்பளை ஒரு தொட்டியோடு பேசுகிறாளே என்று யாரும் பார்க்கிறார்களா என்றும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஆமாம், நாற்பது. சிவகாசி பாலிடெக்னிக்கில் பதினோரு வருஷம் பாடம் நடத்திவிட்டு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புருஷனையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு, சென்னைக்கு வந்து ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். அவளுடைய கைடு வேதமூர்த்திக்கு முப்பத்து நான்கு. அவர் இவளை மேடம் என்பார், இவள் அவரை சார் என்பாள், நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் கூச்சம் தெளியவில்லை. லீவு இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது, அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது என்று முதல்வர் கடிதமே போட்டுவிட்டார். நாளையிலிருந்து ஹீலியம் நிலையத்தைப் பழுதுபார்க்க மூடுகிறார்கள், திறக்க நாலு மாதம் ஆகும். ஆக, இன்றைக்கு ஊற்றியதுதான் கடைசி ஹீலியம், இப்போது ஓடுவதுதான் கடைசி ஓட்டம், இதில் சிவப்புக் கோடு ஓரிடத்தில் நீளமாக, ஆடாமல், தட்டையாக நின்றால் ஆய்வேடு உண்டு, இல்லையென்றால் பொற்கொடி நாலு வருஷத்தைச் சுருட்டி அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதுதான். போன தடவை கமிட்டியில் அந்த மீசைக்காரர் அவளுடைய கிராஃபைத் தூக்கிப் பிடித்து, "இது சமதளம் இல்லம்மா, படி ஏறுறவங்க கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறாங்க, அவ்ளோதான்" என்றாரே, எல்லாரும் சிரித்தார்களே, அவளும்கூடச் சேர்ந்து சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. திரையைப் பார்த்தாள். அரை டெஸ்லா. சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. நீலம் ஆயிரத்து நானூற்றில் நின்றது. ஆயிரத்து நானூறு. ஏதோ ஒன்று அந்த எண்ணில் இடறியது, இடறியதைத் தாண்டி மனம் போய்விட்டது.

போய் நின்ற இடம் நிறைமதி. மகளுக்குப் பதினோரு வயசு, வீட்டு போன் நம்பர் மறந்தாலும் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு என்பதை மறக்க மாட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓம் என்று அலகோடு சேர்த்துச் சொல்லும். சிவப்புக் கோடு நிற்க வேண்டிய இடம் அது. சிவகாசியில் அளந்தாலும் சைபீரியாவில் அளந்தாலும், எவர் செய்த சில்லில் அளந்தாலும், அந்த எண்தான். எப்படிம்மா என்று ஒரு நாள் போனில் கேட்டபோது, நம்ம மாமா கல்யாணத்துல பந்தி நடந்துச்சுல்ல, மண்டபத்துக்கு நடுவுல சொந்தக்காரங்க எல்லாரும் தூணுக்குத் தூண் கூடி நின்னு கதை பேசிட்டு ஒரு அடி நகராம கிடந்தாங்கல்ல, சாம்பார் வாளிக்காரர் மட்டும் செவத்து ஓரமாவே யார்மேலயும் மோதாம ஓடிட்டு இருந்தாருல்ல, எலெக்ட்ரானும் அப்பிடித்தான், காந்தம் வச்சா நடுவுல இருக்கிறதெல்லாம் வட்டம் போட்டுக்கிட்டே கிடக்கும், ஓரத்துல இருக்கிறது மட்டும் ஓடும் என்று சொன்னாள். வாத்தியார் வேலை பார்த்த வாய், உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. அப்ப அந்தத் தூணெல்லாம் என்னம்மா என்றது பிள்ளை. அதெல்லாம் மாசு, அழுக்கு, சில்லுக்குள்ள தப்பித்தவறி வந்து உக்காந்த வேத்து அணு, அது இல்லாம சுத்தமா இருக்கணும்னுதான் அம்மா படாத பாடு படுறேன் என்றாள். அழுக்கில்லாத சில்லுக்காக வடக்கே இருக்கிற ஒரு ஆய்வகத்துக்கு எத்தனை கடிதம், எத்தனை கெஞ்சல். வருஷா வருஷம் சுத்தம் கூடிக்கொண்டே வந்தது, வருஷா வருஷம் சமதளம் ஒடுங்கிக்கொண்டே வந்தது, இன்னும் சுத்தமாக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் சுத்தமானதைக் கேட்டாள், இந்தத் தடவை வந்திருப்பதுதான் இருப்பதிலேயே சுத்தம், அதன் நீலக் கோடு தொடக்கத்தில் நூற்று ஐம்பதில் இருக்க வேண்டும், நூற்று ஐம்பது. திரையில் ஆயிரத்து நானூறு.

சரி, சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கியின் திருகை பத்து மடங்கில் வைத்திருப்போம். இந்த ஆய்வகத்தில் அதை மறக்காத ஆளே கிடையாது, வேதமூர்த்தி சாரே ஒரு தடவை மறந்து, உலகத்தில் இல்லாத புது விளைவைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அரை நாள் குதித்திருக்கிறார். நூற்று ஐம்பதைப் பத்தால் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூறு, கிட்டத்தட்ட சரிதானே. பிறகு கணக்கில் வகுத்துக்கொள்ளலாம். அப்படி நினைத்து ஒரு நிமிடம் நிம்மதியாகவும் இருந்தாள். ஆனால் அந்த ஆயிரத்து நானூறு போகவில்லை, முள் குத்திய இடத்தை விரல் தேடிப் போகிற மாதிரி மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போயிற்று. எழுந்து போய்ப் பெருக்கியைப் பார்த்தாள். திருகு ஒன்றில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றேதான். மேஜைக்கு வந்தாள், மேஜைமேல் நேற்றைய பிளாஸ்டிக் டப்பா கிடந்தது, நீல மூடி போட்ட டப்பா, திறக்காதே திறக்காதே என்று ஒரு மனசு சொல்லச் சொல்லக் கை திறந்தது. உள்ளே ஒரு சில்லு. எட்டுப் பொட்டுகள். மூன்றாவது வழிந்திருந்தது, ஆறாவது பூச்சி நசுங்கின மாதிரி பரவியிருந்தது, எட்டாவதில் கம்பி கோணல். கை நடுங்கி வைத்த பொட்டுகள். அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும், நேற்று ஆறரை மணிக்கு வந்த நடுக்கம். இதுதான் சுத்தமான சில்லு. அப்படியென்றால் உள்ளே கிடப்பது பழகுற துண்டு.

பழகுற துண்டு என்றால் அந்த ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். வடக்கே சில்லு வளர்க்கும்போது ஒரு தடவை யாரோ அடுப்பை மூட மறந்து கேலியம் ஆர்சனைடுக்குள் சிலிக்கன் புகுந்துவிட்டது, மாசு பத்து மடங்கு. வீணாய்ப்போன அந்தத் தட்டையும் உடைத்துச் சும்மா அனுப்பியிருந்தார்கள், பற்றவைத்துப் பழகிக்கொள்ளுங்கள் என்று. அதனால் நல்ல சில்லைத் தொடுவதற்கு முன்னால் இதில் ஒரு எட்டுப் பொட்டு வைத்துக் கையைப் பழக்கிக்கொள்வது வழக்கம். நேற்றும் அப்படித்தான் வைத்தாள். எதற்கும் ஆகாத துண்டுதானே என்று ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள், எட்டும் முத்து முத்தாக விழுந்தன. பிறகு நல்லதை எடுத்தாள், எடுத்ததும் நாலு வருஷமும் மீசைக்காரரும் முப்பதாம் தேதியும் விரல் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டன. இன்று காலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, அழகாக இருந்ததை எடுத்து மாட்டிவிட்டாள். நல்லதுதானே அழகாக இருக்கும் என்று கண் முடிவு பண்ணிவிட்டது, மூளையைக் கேட்கவே இல்லை. ஒரே ஆளுக்கென்று பொங்கினால் ரசம் அப்படி மணக்கிறது, விருந்தாளி வந்தால் உப்பு கூடிப்போகிறது, என்ன கை இது, என்ன ஜென்மம் இது.

"தாவீதண்ணே!" குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. ஹீலியம் ஊற்றுகிற தாவீது, நாசரேத்துக்காரர், பக்கத்து அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, ஹீலியம் ஆவியாவதைப் பார்த்தால் சொந்த ரத்தம் போகிற மாதிரி பதறுவார். "அண்ணே, இப்ப சில்லு மாட்டின ராடை வெளிய எடுத்து, சில்ல மாத்தி, திரும்ப விட முடியுமா?" தாவீது அவளைப் பார்த்தார், ஹீலியம் மட்டம் காட்டும் கருவியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "ஏம்மா, வெளாடுதியா? இருக்கதே இருவது சென்டி. சூடான ராடை உள்ள விட்டன்னா அம்புட்டும் புஸ்ஸுன்னு போயிரும். நீ உள்ள விட்டது விட்டதுதான்." அவள் முகத்தைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார். மாத்தி மாட்டிட்டேன் என்றாள். பழகுற துண்டா என்று கேட்டார். தலையை ஆட்டினாள். தாவீது ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி, ஊத்துனது ஊத்தியாச்சு. என்னதான் வருதுன்னு பாப்போம். ஓட விடு" என்றார். அவர் அப்படி உட்கார்ந்ததே போதும் என்றிருந்தது அவளுக்கு, அழுகை வந்து மூக்கு நுனியில் நின்று, பிறகு போய்விட்டது.

ஒன்றரை டெஸ்லா. இரண்டு. சார் பன்னிரண்டு மணிக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் சொல்லிவிடுவதா, கோடு முடிந்தபின் சொல்வதா, சொல்லாமலே இருந்தால்தான் என்ன, மூடியைப் போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும், அண்ணன் சொல்ல மாட்டார், சுத்தமான சில்லிலும் வரவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு ரயில் ஏறிவிடலாம், எல்லாரும் பாவம் என்பார்கள், முட்டாள் என்பதைவிடப் பாவம் எவ்வளவோ மேல். புருஷன் கதிரேசன் ஸ்டேஷனுக்கு வருவான், ஒன்றும் கேட்க மாட்டான், பெட்டியை வாங்கிக்கொண்டு பசிக்குதா என்பான், அந்த ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியாது. சரி, பாலிடெக்னிக்கில் பையன்கள் இருப்பார்கள், அதே கரும்பலகை, அதே ஓம் விதி. கெட்ட பிழைப்பா அது? இல்லைதான். ஆனாலும் ஒரே ஒரு தடவை, புத்தகத்தில் படம் போட்டுக் காட்டினதைத் தன் கையால் வரவழைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தாளே, நாற்பது வயசுக்கு அது ஒரு ஆசை, வெட்கம்கெட்ட ஆசை. இரண்டே முக்கால். சிவப்புக் கோடு லேசாகத் தோளைச் சாய்த்தது, சாய்த்த மாதிரி இருந்தது, கண்ணின் ஏமாற்றாகவும் இருக்கலாம். மூன்று. மறுபடி ஏறியது.

கதவு திறந்தது. வேதமூர்த்தி ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார், "எப்படிப் போகுது மேடம்?" என்றார், பொற்கொடியின் வாய் மூளையைக் கேட்காமல் திறந்துகொண்டது, இந்தத் தடவை அதற்காக அவள் வருத்தப்படவில்லை. "சார், நான் தப்புப் பண்ணிட்டேன். சில்லு மாறிப்போச்சு. உள்ள இருக்கிறது பழகுற துண்டு. நல்லது இங்க டப்பாவுல இருக்கு." சொல்லிவிட்டு டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்தாள். அவர் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார், மேஜைமேல் வைக்கப் போனார், வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். முப்பத்து நாலு வயசு முகம் ஐம்பது வயசு முகமாக மாறுவதைப் பொற்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் இதுதான் முதல் மாணவி, முதல் ஆய்வேடு. "பரவால்ல மேடம்" என்றார், அது பொய் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. பிறகு மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். நாலு. நாலரை. சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து. ஐந்து தாண்டியது.

சிவப்புக் கோடு ஏறவில்லை. முதலில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நினைத்தாள். இல்லை, நீலக் கோடு ஓடிக்கொண்டிருந்தது, ஓடிக்கொண்டு என்ன, கீழே இறங்கிக்கொண்டிருந்தது, ஆயிரத்து நானூறாவது ஒன்றாவது, அது பாட்டுக்கு வழுக்கிப் பூஜ்யத்தைத் தொட்டுப் படுத்துவிட்டது. சிவப்பு அப்படியே நின்றது. ஐந்தே கால். இதோ இப்போது கிளம்பிவிடும், சுத்தமான சில்லுகளில் இந்நேரம் கிளம்பியிருக்கும். ஐந்தரை. கிளம்பவில்லை. மூலையில் எண் ஓடியது, கடைசி இலக்கம் மட்டும் துடித்தது, மற்றதெல்லாம் கல். பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. "சார்" என்றாள். "பேசாதீங்க மேடம்" என்றார் வேதமூர்த்தி, பேசினால் கோடு கலைந்துவிடும் என்கிற மாதிரி. ஆறு டெஸ்லா. தாவீது ஸ்டூலை விட்டு எழுந்தார். பொற்கொடிக்கு அப்போதுதான் தூண்கள் ஞாபகம் வந்தன. தூணுக்குத் தூண் கூடி நின்ற சொந்தக்காரர்கள். தூணே இல்லாவிட்டால் அவர்கள் எங்கே நிற்பார்கள், மண்டபம் முழுக்க அலைந்து வாளிக்காரர்மேல் மோதிக்கொண்டல்லவா இருப்பார்கள்! மாசுதான் நடுவில் உள்ளதைப் பிடித்து நிறுத்துகிறது, அப்படி நிறுத்துவதால்தான் ஓரத்தில் உள்ளது மோதாமல் ஓடுகிறது, காந்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறுவதில்லை. அடக் கடவுளே, இதை அவளே எழுதியிருக்கிறாளே! முதல் அத்தியாயம், பதினாலாம் பக்கம், நாலு புத்தகம் பார்த்து, பிழையில்லாமல், அழகான வாக்கியத்தில். எழுதினாள், பையன்களுக்கு நடத்தச் சொன்னால் நடத்தியும் இருப்பாள், நம்பத்தான் இல்லை. எழுதிய கையோடு போய் வடக்கே கடிதம் போட்டாள், இன்னும் சுத்தமாக அனுப்புங்கள் என்று.

முதலில் சிரித்தது வேதமூர்த்திதான். ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அதற்குள்ளிருந்து சிரித்தார், "நாலு வருஷம் மேடம்! நாலு வருஷமா ரெண்டு பேரும் எதிர்ப்பக்கமா ஓடியிருக்கோம்!" தாவீதுக்கு இயற்பியல் தெரியாது, ஆனால் முகம் பார்க்கத் தெரியும், "ஏம்மா, வந்துட்டுதா? அப்ப என் ஹீலியம் வீணாப் போவல" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை, தொட்டியைத்தான் போலிருக்கிறது. பொற்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கு நுனியில் நின்றிருந்த அழுகையும் இப்போது தாராளமாக வந்தது, துடைக்கவில்லை. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து மூடினாள். பதினோரு வருஷக் கரும்பலகை, பெற்றது, வளர்த்தது, ஊரில் கிடந்தது எல்லாம் தன்னைப் பிடித்து இழுத்த பாரம் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள், இனி அப்படி எண்ண மாட்டாள். "முப்பதுக்குள்ள எழுதிருவீங்களா மேடம்?" என்றார் வேதமூர்த்தி. "பத்து நாள்ல எழுதிருவேன் சார். மீசைக்காரருக்கு முதல் பிரதி." நோட்டை இழுத்து, காலையில் எழுதிய 'சுத்தமான சில்லு' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தாள், ஆய்வக நோட்டில் அழிக்கக் கூடாது, அடிக்கத்தான் வேண்டும். பக்கத்தில் 'பழகுற துண்டு' என்று எழுதினாள். "வேற ஒரு நல்ல பேரா வைக்கலாமே மேடம், கமிட்டி பாக்கும்" என்றார். "இருக்கட்டும் சார், அது பேரு அதுதான்."

ஆறே முக்கால் டெஸ்லாவில் போன் அடித்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளை காலையிலிருந்து பொறுத்திருந்து பார்த்திருக்கும். "அம்மா, வந்துச்சா?"

"வந்துருச்சு கண்ணு."

"எவ்ளோ?"

"நீ சொல்லு, பாப்போம்."

நிறைமதி ஒரே மூச்சில் சொன்னாள், ஓம் வரைக்கும். பின்னால் கதிரேசனின் அச்சு இயந்திரம் தடதடப்பது கேட்டது, யாரோ அதை நிறுத்தினார்கள், அவனும் காதை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான் என்று தெரிந்தது.

"இப்பவும் அதேதானாம்மா? மூச்சு வாங்கிட்டுக் கெளம்பிரலியே?"

பொற்கொடி திரையைப் பார்த்தாள். ஏழு. சிவப்புக் கோடு ஐந்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தட்டையாகக் கிடந்தது.

"இல்ல கண்ணு" என்றாள், "இப்பவும் அதேதான்."